கையெழுத்து கேட்கிறார்கள், வகுப்பைக் காணோம்

சிஸ்டர் பதில்கள்

போன இதழில், இரத்தம் ஏற்றும்போது இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நோயாளிகளின் குடும்பத்தார் எழுதுவார்கள் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் பாதி ஆஸ்பத்திரிக்குள் வேலை பார்க்கிறவர்களுடையது. அரசுப் பணியில் நர்ஸாகவும் வார்டு இன்சார்ஜாகவும் இருந்து, ஓய்வுக்குப் பிறகு தனியார் ஆஸ்பத்திரிகளில் பயிற்சி வகுப்பு எடுத்தவள் நான். அதனால் இந்த முறை அவர்களுக்கே கூடுதல் இடம்.

கேள்வி: வள்ளியூர்ப் பக்கம் 40 படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று தருகிற என்.ஏ.பி.எச். அமைப்பிலிருந்து அடுத்த மாதம் ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள். ஒரு வருடப் பயிற்சி ரிஜிஸ்டரை இப்போதுதான் உட்கார்ந்து எழுதுகிறார்கள். நடக்காத வகுப்புக்கெல்லாம் பழைய தேதி போட்டு எங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். "எல்லா ஆஸ்பத்திரிலயும் இப்படித்தாம்ளா" என்கிறார் இன்சார்ஜ் அக்கா. போடவா, வேண்டாமா?
(பெயர் வேண்டாம், வள்ளியூர்)

போடாதே மகளே.

அந்த ரிஜிஸ்டர் யாரைக் காப்பாற்றும் என்று யோசித்துப் பார். நாளைக்கே உன் வார்டில் ஒருவருக்கு மாற்று குரூப் இரத்தம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள். விசாரணையில் முதலில் மேசைக்கு வருவது அந்தக் காகிதம்தான். "இன்ன தேதியில் இதற்கென்றே வகுப்பு எடுத்தோம், இதோ அவர் கையெழுத்து" என்பார்கள். உனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றை, தெரிந்திருந்தும் செய்யவில்லை என்ற பழி உன் தலையில் விழும். அதற்கு நீயே எழுதிக் கொடுத்த சாட்சி அது.

சரி, ஆய்வாவது இதனால் நல்லபடியாக முடியுமா? முடியாது. வருகிறவர்கள் வேறு இடங்களில் டாக்டராகவும் நர்ஸாகவும் இருந்தவர்கள். காலையில் ஃபைலைப் பார்ப்பார்கள். அப்புறம் அந்த ரிஜிஸ்டரில் இருந்து நாலைந்து பெயரைக் குறித்துக்கொண்டு நேரே வார்டுக்கு வருவார்கள். "இரத்தப் பை இப்போது வந்திருக்கிறது, நீங்கள் என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்பார்கள். துடைப்பம் வைத்திருக்கிற அக்காவிடம், தரையில் இரத்தம் சிந்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். அந்த மாதிரி நேரத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஃபைலில் பக்கம் பக்கமாகக் கையெழுத்து இருந்த ஒரு பெண், மூச்சு நின்றவருக்குக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற அம்பு பேக்கைக் கையில் கொடுத்ததும் மாஸ்க் எந்தப் பக்கம் மூக்குக்கு வரும் என்று தெரியாமல் அழுதுவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மேல்தான் வந்தது.

என்.ஏ.பி.எச். தரநிலைகளில் 10 அத்தியாயம் இருக்கின்றன. அதில் ஒன்று முழுக்கப் பணியாளர்களைப் பற்றியது. வேலையில் சேர்ந்ததும் அறிமுகப் பயிற்சி, பிறகு அவரவர் வேலைக்கேற்ற தொடர் பயிற்சி, அந்தப் பயிற்சியால் ஏதாவது மாறியதா என்ற மதிப்பீடு, எல்லாம் கேட்கிறார்கள். என்.ஏ.பி.எச். அங்கீகாரம் சங்கம் மாதிரி, வேண்டுமென்றால் சேரலாம். ஆனால் மருத்துவக் கழிவுக்கான 2016 விதிகள் அப்படியில்லை, அது சட்டம். கழிவைக் கையாளும் எல்லோருக்கும் சேரும்போது ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது பயிற்சி தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. சிறு ஆஸ்பத்திரி, பெரிய ஆஸ்பத்திரி என்ற வித்தியாசம் இல்லை.

உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நைட் டியூட்டியும் காலை டியூட்டியும் சந்தித்து வார்டை ஒப்படைக்கிற நேரத்தில் 20 நிமிடம் ஒதுக்கச் சொல். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். கை கழுவுவது, நோயாளியை அடையாளம் காண்பது, இரத்தம் ஏற்றுவது, இன்சுலின் போடுவது, ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது, தீயணைக்கும் கருவியைத் திறப்பது, நெஞ்சை அழுத்துவது. பேச்சு குறைவாகவும் கைவேலை அதிகமாகவும் இருக்கட்டும். நெஞ்சை அழுத்திப் பழகும் பொம்மை இல்லையென்றால் பக்கத்து நர்சிங் கல்லூரியில் கேட்டால் தருவார்கள். நம் ஜில்லாவில் நர்சிங் கல்லூரிக்கா பஞ்சம்? நடந்த அன்று, நடந்த தேதியிலேயே கையெழுத்துப் போடுங்கள். முந்தைய மாதங்கள் காலியாக இருந்தால் இருக்கட்டும். ஆய்வில் அதைக் குறையாக எழுதுவார்கள். குறையைச் சரிசெய்து பதில் தர அவகாசமும் கொடுப்பார்கள்.

இன்சார்ஜிடம் எதிர்த்துப் பேசுகிற மாதிரி இல்லாமல் இப்படிச் சொல்லிப் பார்: "அக்கா, இந்த வகுப்பை இன்னைக்கே எடுத்திருவோம். இன்னைக்குத் தேதியில நான் முதல் ஆளாக் கையெழுத்துப் போடுதேன்." தனியாகப் போகாதே, டியூட்டியில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து போங்கள். படிப்புக் கடன் தலைமேல் இருக்கும்போது வேலை போய்விடுமோ என்று பயப்படுவது எனக்குத் தெரியும். அதனால்தான் சேர்ந்து போகச் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் எங்கள் அம்மாவுக்கும் ஒரே பெயர். அவர்களுக்குப் போட வேண்டிய இன்சுலினை எங்கள் அம்மாவுக்குப் போட வந்துவிட்டார் ஒரு நர்ஸ். நான் தடுத்தேன். "எங்களுக்குத் தெரியாதா?" என்று கோபப்பட்டார். நான் கேட்டது தப்பா?
(ஒரு மகன், ஆலங்குளம்)

தப்பே இல்லை தம்பி. நீங்கள் காப்பாற்றியது ஒரு உயிர்.

நம் பக்கத்தில் இந்த ஆபத்து கூடுதல். காந்திமதி, கோமதி, உலகம்மாள், இசக்கியம்மாள், பேச்சியம்மாள். ஊர்க்கோயிலும் குலதெய்வமும் தந்த பெயர்கள். ஒரே வார்டில் மூன்று இசக்கியம்மாள் படுத்திருப்பது எனக்கு அன்றாடக் காட்சி. அதனால்தான் இரண்டு அடையாளம் பார்க்க வேண்டும் என்பது விதி: முழுப் பெயர், கூடவே ஐ.பி. நம்பர், அதாவது உள்நோயாளியாகச் சேர்த்தபோது தந்த எண். கட்டில் நம்பர் அடையாளமே இல்லை. ஜன்னல் பக்கம் காற்று வருகிறது என்று மத்தியானம் கட்டில் மாறிப் படுத்துவிடுவார்கள்.

கேட்கிற விதமும் முக்கியம். "நீங்க இசக்கியம்மாதானே?" என்று கேட்டால், காய்ச்சலில் கிடக்கிற பாட்டி யாராக இருந்தாலும் "ஆமா தாயி" என்றுதான் சொல்வார். "உங்க பேரு என்ன?" என்று கேட்டு, அவர் வாயால் வர வேண்டும். பிறகு கையில் கட்டியிருக்கிற பட்டையையும் கேஸ் ஷீட்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். கணவர் பெயரைக் கேட்டு உறுதிசெய்யலாம் என்று சில இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வயசான பெண்கள் கணவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். அவர் முழிப்பதைப் பார்த்து, நினைவு தடுமாறுகிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதிய நர்ஸையும் எனக்குத் தெரியும். இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு இதையும் வகுப்பில் சொல்ல வேண்டும்.

இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மாதிரியானவை அளவு தப்பினாலோ ஆள் தப்பினாலோ உடனே ஆபத்தைக் கொண்டுவரும் மருந்துகள். இவற்றை இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகச் சரிபார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். அன்றைக்கு இரண்டாவது ஆள் எங்கே போனார் என்பதுதான் என் கேள்வி. ஒருவேளை அந்த வார்டில் இரண்டாவது ஆளே இல்லாமல் இருந்திருக்கலாம்.

நடந்ததை ஒரு தாளில் எழுதி நர்சிங் சூப்பிரண்டிடம் கொடுங்கள். அந்தப் பெண்ணைத் தண்டிக்க வேண்டும் என்று எழுதாதீர்கள். ஒரே பெயர்க்காரர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் எப்படி வந்தார்கள் என்று கேளுங்கள். தப்பு நடக்கவிருந்து நடக்காமல் போனதையும் பதிவு செய்ய வேண்டும் என்பது தரநிலையிலேயே இருக்கிறது. வருடம் முழுக்க ஒரு தவறும் பதிவாகவில்லை என்று ஒரு ஆஸ்பத்திரி சொன்னால் எனக்குப் பயம்தான் வரும்.

கேள்வி: நான் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை பார்க்கிறேன். போன வாரம் மஞ்சள் பையைக் கட்டும்போது உள்ளே இருந்த ஊசி விரலில் குத்திவிட்டது. இரத்தத்தைப் பிதுக்கி பிளீச்சிங்கில் விரலை முக்கச் சொன்னார் சூப்பர்வைசர். தடுப்பூசி கேட்டதற்கு "அது ஸ்டாஃபுக்கு மட்டும்" என்றார்கள். பயமாக இருக்கிறது அக்கா.
(ஒரு தங்கை, திசையன்விளை)

தங்கச்சி, இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் கிளம்பு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஹெச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தருகிற ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. ஊசி குத்தியது என்று சொன்னால் என்ன பரிசோதனை செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம். 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. உனக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. ஆனாலும் பரிசோதனை இப்போது ஒரு முறை, 6 வாரத்தில், 3 மாதத்தில், 6 மாதத்தில் என்று பார்க்க வேண்டும். மனதைத் தளரவிடாதே. ஹெச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி என்றே இருந்தாலும், அதில் தொற்றுகிற வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். தடுப்பூசி போடாதவருக்கு மஞ்சள் காமாலை பி வகைதான் (ஹெபடைடிஸ் பி) அதைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றும். அந்தத் தடுப்பூசியை இப்போதும் தொடங்கலாம். மூன்று தவணை. முதல் ஊசியைத் தள்ளிப்போடாதே.

தடுப்பூசி ஸ்டாஃபுக்கு மட்டும் என்று சொன்னது பொய். 2016 விதியில், கழிவைக் கையாளும் மற்றவர்களையும் சேர்த்துத்தான் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடச் சொல்லியிருக்கிறது. கான்ட்ராக்ட் என்பதால் உன் விரல் வேறு விரல் ஆகிவிடாது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும்: ஊசி குத்தினால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, பிளீச்சிங்கோ ஸ்பிரிட்டோ ஊற்றக் கூடாது. உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அந்த ஊசி எந்த நோயாளிக்குப் போட்டது என்று தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மஞ்சள் பையில் ஊசி எப்படி வந்தது? இரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத் துணி மாதிரியானவைதான் மஞ்சள் பைக்குப் போகும். டியூப், ஊசி இல்லாத சிரிஞ்ச் எல்லாம் சிவப்பு. ஊசியும் பிளேடும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுக்கு. கண்ணாடி நீலத்துக்கு. ஊசி போட்டவர் போட்ட இடத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. அவர் நர்ஸாக இருக்கலாம், டாக்டராகவும் இருக்கலாம். கழிவுப் பயிற்சி என்றால் துப்புரவுப் பெண்களை மட்டும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். ஆபத்தை உண்டாக்குகிறவர் அந்த வகுப்புக்கே வருவதில்லை. டாக்டர்களும் வந்து உட்கார வேண்டும். நான் எடுத்த வகுப்புகளில் இதற்காகப் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன்.

கேள்வி: வாசலில் என்.ஏ.பி.எச். போர்டு இருந்தால் நல்ல ஆஸ்பத்திரி என்று நம்பிப் போகலாமா?
(ஒரு வாசகி, சங்கரன்கோவில்)

போர்டு இருப்பது நல்லதுதான், ஆனால் அதை முழுசாகப் படியுங்கள். இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் வருகிற அமைப்பு அது. முழு அங்கீகாரம் வேறு, தொடக்க நிலைச் சான்றிதழ் வேறு. சான்றிதழில் எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். அவர்களின் இணையதளத்திலும் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகளின் பட்டியல் இருக்கிறது. இது தவிர, தமிழ்நாட்டில் எந்தத் தனியார் ஆஸ்பத்திரியும் 1997-ஆம் வருடத்து மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 2013-லிருந்து தேசிய தர உறுதித் தரநிலை என்று தனியாக இருக்கிறது. சுத்தத்துக்குக் காயகல்ப் விருதும் இருக்கிறது. அரசு என்றால் கேள்வி கேட்பாரில்லை என்று நினைக்க வேண்டாம்.

போர்டைப் பார்த்த பிறகு வார்டுக்குள் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போகும் நர்ஸ் நடுவில் கையைத் தேய்த்துக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: சுரண்டைப் பக்கம் கணவர் நடத்துகிற 20 படுக்கை ஆஸ்பத்திரிக்கு நிர்வாகம் நான்தான். சென்னையில் ஒரு ஆலோசகரிடம் பணம் கொடுத்து விதிமுறைப் புத்தகம் வாங்கினோம். எல்லாம் ஆங்கிலம், 400 பக்கம். ஒரு பிள்ளையும் திறந்து பார்க்கவில்லை. என்ன செய்யலாம் சிஸ்டர்?
(டாக்டர் வீட்டம்மா)

உங்களிடம் இருக்கிற அக்கறைக்கு முதலில் நன்றி. இந்தக் கேள்வியைக் கேட்கிற நிர்வாகிகள் குறைவு.

புத்தகத்தைத் திறந்து, உங்களிடம் இல்லாதவற்றை முதலில் அடித்துவிடுங்கள். இந்த மாதிரிப் புத்தகங்களில் "கோட் ப்ளூ (மூச்சோ இதயத் துடிப்போ நின்றுவிட்டது என்ற அவசர அழைப்பு) அறிவித்ததும் மயக்க மருந்து நிபுணர் தலைமையில் குழு வரும்" என்று எழுதியிருக்கும். உங்கள் ஆஸ்பத்திரியில் ராத்திரி இருப்பது ஒரு டியூட்டி டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு ஆயா, வாசலில் வாட்ச்மேன். அந்த ஐந்து பேரில் யார் நெஞ்சை அழுத்துவது, யார் அம்பு பேக் பிடிப்பது, யார் எமர்ஜென்சி ட்ராலியைக் கொண்டுவருவது, யார் 108-ஐக் கூப்பிட்டு கேட்டைத் திறந்து வைப்பது? இதைப் பெயர் பெயராகத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, நர்ஸ் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். நெஞ்சை அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்பதும் அதிலேயே இருக்கட்டும். உங்கள் ஆஸ்பத்திரிக்கு அதுதான் விதிமுறை.

பிறகு ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு யாருக்கும் சொல்லாமல் போய், காலிக் கட்டிலில் பொம்மையைக் கிடத்தி "மூச்சு இல்லை" என்று கூப்பிடுங்கள். பகலில் நடத்துகிற ஒத்திகையில் எல்லாம் சரியாக இருக்கும். ராத்திரியில்தான் ட்ராலி பூட்டியிருப்பதும், சாவி இன்சார்ஜின் பையில் வீட்டுக்குப் போயிருப்பதும் தெரியும். ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கும், அதைத் திறக்கிற சாவி இருக்காது. அம்பு பேக்கில் குழந்தைக்கான மாஸ்க் மாட்டியிருக்கும். யாரையும் திட்டாதீர்கள், கண்டதை எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் சரிசெய்துவிட்டு, அடுத்த மாதம் வேறொரு ராத்திரி போங்கள்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள்? ஒரு வருடக் குறுகிய படிப்பு முடித்த பெண்களுக்கு வெள்ளை உடுப்பு மாட்டி ஊசி போட விடுவது நம் சுற்றுவட்டாரத்தில் சாதாரணமாக நடக்கிறது. அவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள், நாடி பார்க்கவும் படுக்கை மாற்றவும் நன்றாகச் செய்வார்கள். ஆனால் மருந்து கொடுக்கிற பொறுப்பை அவர்கள் தலையில் வைப்பது அவர்களுக்கும் நோயாளிக்கும் செய்கிற அநியாயம். எந்தப் பயிற்சி வகுப்பாலும் அதை ஈடுகட்ட முடியாது.

கேள்வி: எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பின்பக்கப் படிக்கட்டு கேட்டை எப்போதும் பூட்டி வைக்கிறார்கள். கேட்டால் திருட்டுப் பயம் என்கிறார்கள்.
(ஒரு வாசகர், கடையநல்லூர்)

2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரித் தீயில் லிஃப்டுக்குள் சிக்கி உயிர் போனவர்களை நினைத்துப் பாருங்கள். தீ என்றால் லிஃப்ட் கூடாது, படிக்கட்டுதான் வழி. அந்த வழியைப் பூட்டுவது குற்றம். தீயணைப்பு நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். திருட்டுப் பயத்துக்கு உள்ளிருந்து தள்ளினால் திறந்து, வெளியிலிருந்து திறக்க முடியாத கதவுகள் இருக்கின்றன.

கேள்வி: அப்பா டிஸ்சார்ஜ் ஆனதும் கேஸ் ஷீட் நகல் கேட்டேன். "அதெல்லாம் வெளியே தரக்கூடாது, எங்க பாலிசி" என்று கவுன்ட்டரில் சொல்லிவிட்டார்கள்.
(ஒரு மகள், களக்காடு)

எந்த ஆஸ்பத்திரியின் பாலிசியும் விதிக்கு மேல் இல்லை. மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிமுறைப்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். கவுன்ட்டரில் இருந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள், அவளிடம் சண்டை வேண்டாம். அப்பாவின் பெயர், ஐ.பி. நம்பர், சேர்த்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி எழுதி, அப்பாவே கையெழுத்துப் போட்டு, மருத்துவ நிர்வாகிக்கு மனுக் கொடுங்கள். நகல் எடுப்பதற்கான செலவை நீங்கள் தர வேண்டியிருக்கும். மூன்று நாளில் வரவில்லை என்றால், அதே மனுவை இணைத்து மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுங்கள். 104-லும் புகாரைப் பதிவு செய்யலாம். முதல் மனுவைக் கொடுக்கும்போதே, உங்கள் கையில் இருக்கிற நகலில் பெற்றுக்கொண்டோம் என்று தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.